சித்திரை வெயிலில் ஒரு மப்ளர்

காப்பிக் கலர் மப்ளர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மதியம். கோவில்பட்டியில் காக்காய்கூட வெளியே தலைகாட்டாத வெயில். அம்மா ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓலை விசிறியோடு போராடிக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் பி.யூ.சி. எழுதிவிட்டு வந்திருந்த நான், தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேலேயே படுத்திருந்தேன். மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, இந்த மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு அடுப்புப் பக்கமாக நகர்ந்து, "லேசாக் குளுருதுல்லா?" என்றாள். அந்த நொடியில்தான் விலங்கியல் வகுப்பில் கேட்ட தலைப்பிரட்டை ஞாபகம் வந்தது. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யாவிட்டால் தலைப்பிரட்டை தவளையாக மாறாதாம். துள்ளி எழுந்து, "மதினிக்குத் தைராய்டு சுரக்கல! தலைப்பிரட்டை மாதிரி நின்னுபோயிட்டாவ!" என்று கத்தினேன். "ஏட்டி, காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்காவளா?" என்று அம்மாவின் விசிறிக் காம்பு என் முதுகில் விழுந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் தெருவிலேயே மதினிக்குத்தான் வேகமான கை. வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டும் பெண்களில் அவளை முந்த ஆளில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை மந்தமானது. பசையைத் தொட்டபடியே தூங்கிவிடுவாள். எழுந்தால் கன்னத்தில் ஒரு தீப்பெட்டி ஒட்டியிருக்கும். முகம் ஊதியது. புருவத்தின் ஓரத்து முடி உதிர்ந்தது. குதிகால், கோடையில் கரிசல் வெடிப்பதுபோல வெடித்தது. குரல் ஆண்குரல்போலக் கட்டிப்போனது; வாசலில் நின்ற தபால்காரர் உள்ளேயிருந்து வந்த பதிலுக்கு "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தாள்: சோம்பேறித்தனம். அந்தச் சித்திரையிலேயே மதினியின் டிரங்குப் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. "நாகலாபுரத்துல அவ அம்மை வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்" என்றாள் அம்மா. அந்தக் 'கொஞ்ச நாள்' எப்போது முடியும் என்று அண்ணன் கேட்கவில்லை. மதினி அழ ஆரம்பித்து, பாதியில் தூங்கிப்போனாள்.

நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, டாக்டரிடம் காட்டும்வரை இறங்கமாட்டேன் என்றேன். டாக்டர் மதினியை நாற்காலியில் முட்டிபோடச் சொல்லி, குதிகாலுக்கு மேல் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் படக்கென்று உதைத்தது; திரும்பி வரும்போது யோசித்து யோசித்து வந்தது. "நெனச்சது சரிதான், தைராய்டுதான்" என்றார். மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்ததிலும் அதுதான் உறுதியானது. தைராய்டு மாத்திரை, தினமும் காலையில் வெறும் வயிற்றில். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. வீட்டுக்கு வரும் வழியிலேயே, "மதினி, இது ஆட்டோட சுரப்பியக் காயவச்சுச் செய்யுதது!" என்று என் அறிவைக் கொட்டினேன்.

அங்கேதான் வினை. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி கிடையாது. அமாவாசை, கார்த்திகை வேறு. இரண்டு மாதம் போயும் மதினி மப்ளரைக் கழற்றவில்லை. டிரங்குப் பெட்டி மறுபடி கூடத்துக்கு வந்தது. மாத்திரைக் குப்பியை எடுத்துக் குலுக்கினேன். காலியாகியிருக்க வேண்டியது சலசலவென்று பேசியது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஆட்ட எப்பிடித் திங்க?" என்றாள் மதினி. "விட்டதெல்லாம் சேத்து ஒரேயடியாப் போட்டுருங்க" என்றேன். நல்லவேளை, டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்றாள்.

இந்தத் தடவை அம்மாவும் வந்தாள். டாக்டர் முதலில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஒரேயடியாப் போட்டு நெஞ்சு படபடன்னு அடிச்சா நீயா பிடிச்சு நிறுத்துவே? மெல்லத்தான் ஏத்தணும்." பிறகு மதினியிடம், "ஏம்மா, வெள்ளிக்கெழம மூச்சு விடாம இருப்பியா? இதுவும் அப்பிடித்தான். ஆயுசுக்கும் தெனமும் வேணும்." அம்மா தயங்கித் தயங்கி, "அப்போ இது சோம்பேறித்தனம் இல்லியா?" என்று கேட்டாள். "நோயிம்மா. அவ என்ன செய்வா?" என்றார்.

வீடு வந்து சேர்ந்தோம். அம்மா முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து மதினியின் சேலைகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டாள். குப்பியை முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, அதற்கும் திருநீறு பூசினாள். "இது ஆடு இல்ல, மருந்து. குத்தம்னா எம்மேல வையி" என்று சாமிக்கு உத்தரவு போட்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் தண்ணீர்ச் செம்போடு நின்று, "ம், வாயத் தொற" என்றாள்.

ஒரு வாரத்தில் தவளை துள்ளும் என்று நான் காத்திருந்ததுதான் மிச்சம், மாதக்கணக்கில் ஆனது. ஒருநாள் அடுப்படியிலிருந்து, "என்னா புழுக்கம்!" என்று பழைய குரல் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். மதினி விசிறிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் போர்வையைவிட்டு எழுந்திருப்பதற்குள் பாதி வேலை முடித்துவிட்டு, "என்ன தலைப்பிரட்டை, எந்திக்கலியா?" என்கிறாள். மாத்திரை விழுங்கி அரைமணி ஆகும்வரை காப்பித் தம்ளர் அம்மாவின் காவலில்தான் இருக்கும்.

போன வாரம் பசுவந்தனையிலிருந்து மதினியின் அக்கா ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். முகம் ஊதி, பந்தியிலேயே கண் அயர்ந்து, விசிறுகிறவளைப் பார்த்து, "காத்து போதும் தாயி" என்றார்கள். நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் அம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் பசுவந்தனைக்குப் போகிறோம். "இதக் காட்டி ஆரம்பி" என்று மதினி மப்ளரை மடித்துத் தந்திருக்கிறாள். அம்மா ஒரு பொட்டலம் திருநீறு எடுத்து வைத்திருக்கிறாள். கூடவே எனக்கு ஒரு கட்டளை: "ஆட்டு விசயத்த நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது."

முயன்று பார்க்கிறேன்.