தூக்குமுன் கேட்கச் சொன்னவர்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில் இருந்தபோதுதான் மணியன் அண்ணனின் அழைப்பு வந்தது. வெளியே நல்ல மழை. ஷட்டர்களை இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே ஒரே இருட்டு.

"பிரபா, நீ எங்க நிக்க?"

"பஸ்ஸுல. கிளாஸ் எடுக்கப் போறேன். என்ன அண்ணா?"

"நம்ம வில்சன் போயிட்டான் மக்கா. இன்னைக்கு வெளுப்பாங்காலத்துல, விடியதுக்கு மின்ன ஆக்கும். நீ இங்கோட்டு வா."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். திரும்பிப் போக வண்டி வரும் வரை நிற்க முடியவில்லை, நடக்கத் தொடங்கினேன். பின்னாலேயே வந்த பேருந்து என்னைத் தாண்டிப் போனது. கையைக் காட்டியிருக்கலாம், தோன்றவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதைக்கூட நாலு வரி எழுதுவதும் எழுந்து முற்றத்தில் நடப்பதுமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருப்புக்கொள்ளாத ஒரு மனிதரைப் பற்றி அப்படித்தான் எழுத முடியும் போலிருக்கிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வில்சன் அண்ணன் எங்கள் ஊர் வயர்மேன். வீட்டுக்கு மின்சாரம் இழுப்பது, கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பது, கோயில் கொடையானாலும் சபையின் பண்டிகையானாலும் சீரியல் விளக்குக் கட்டுவது எல்லாம் அவர்தான். சாயா குடிக்கும்போதுகூட நின்றுகொண்டுதான் குடிப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டால், "இரிந்தா கால் மரத்துப்போவும், வாறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஓணம் வந்தால் அவருக்கு வேறொரு வேலை. எங்கள் கிளப்பின் வடம்வலி என்னும் கயிறிழுக்கும் அணியில் அவர் கடைசி ஆள். கயிற்றின் நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு, மொத்த அணியின் பாரத்தையும் குதிகாலில் வாங்கிக்கொண்டு சரிந்து நிற்பவர். அணித்தலைவர் மணியன் அண்ணன். எனக்கோ கயிற்றைத் தொடும் உடம்பு இல்லை, ஆகவே என் கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். வடம்வலியில் தரையில் உட்கார்ந்துவிட்டால் ஃபவுல். ஒரு வருடம் கள்ளிக்காடு என்ற ஊரில் சேற்றில் நடந்த போட்டியில் எங்கள் அணியில் பாதிப்பேர் வழுக்கிவிட்டார்கள். வில்சன் அண்ணன் மட்டும் உட்காரவில்லை. முதுகு தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போதும் குதிகால் சேற்றில் புதைந்து நின்றது. "கடைசி ஆள் இரிந்தா பின்ன டீம் எதுக்கு?" என்று கோப்பையோடு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு செங்கல் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கூரைமேல் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஷீட் உடைந்தது. விழுந்தவர் முதுகெலும்பில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனார். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாங்கள் பார்க்கப் போனபோது எங்களுக்குத்தான் அழுகை வந்தது. அவர் விட்டத்தைப் பார்த்தபடியே, "இனி எனக்கு எப்பவும் ஃபவுல் ஆக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசுவதே குறைந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் ரொட்டியுமாக ஊர் வந்து போனது. சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். மணியன் அண்ணன் மகேஸ்வரம் கோயிலில் வழிபாடு செய்து பிரசாதம் கொண்டுவந்தார். வில்சன் அண்ணன் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். புதிதாக வாங்கிய சக்கர நாற்காலியில் துணி காய்ந்தது.

ஒருநாள் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தாராம். அவருடைய மனைவி சாந்தி அக்கா அதைப் பின்னால் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஒரு பழந்துணியை நனைத்துப் பிழிந்து கட்டில்மேல் வைத்துவிட்டு, "எறியதுக்கு உள்ள கை துடைக்கதுக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். பிறகு தொப்பென்று ஏதோ விழுந்தது. ஓடி வந்து பார்த்தால், வில்சன் அண்ணன் கட்டிலிலிருந்து தன்னைத் தானே இறக்கிக்கொண்டு, கைகளால் ஊர்ந்துபோய்ச் சோற்றுப் பருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவ்வளவு மோசமான கோபத்தில்தான் அவர் முதன்முதலாகத் தன் உடம்பை நகர்த்தினார்.

அதற்குள் வடம்வலி அணி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. சாயங்காலம் ஆனால் வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை முற்றத்துக்குத் தூக்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தூக்குவார்கள். சாயாக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கிளப் இருந்தது, ஏணியைப் போலச் செங்குத்தான அந்தப் படிகளிலும் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். எதையும் சேர்ந்து பிடித்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள். ஊரே மெச்சியது. வில்சனுக்குக் கால் போனால் என்ன, இத்தனை ஜோடிக் கால்கள் இருக்கின்றனவே என்று நானே மைக்கில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வில்சன் அண்ணன் அன்றைக்குக் கைதட்டவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

பிறகு ஒரு கல்யாணம் வந்தது. சாப்பாடு முடிந்து, வில்சன் அண்ணன் போளிக்குப் பிறகு இரண்டாம் முறை பால்பாயசம் வாங்கிக் காகிதக் கோப்பையில் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவரிடம் ஏதோ மோட்டாரைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டும் இருந்தார், வெகுநாளைக்குப் பிறகு. அடுத்த பந்திக்கு ஆட்கள் நிற்கிறார்களே என்று மணியன் அண்ணன் கண்ணைக் காட்டினார். அவ்வளவுதான். நாலு பக்கமும் பிடித்து, நாற்காலியோடு அந்தரத்தில் தூக்கிவிட்டார்கள். பேச்சு பாதியில் நின்றது, பாயசம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பந்தலே சிரித்தது, அன்பாகத்தான்.

"எலே, நான் குடிச்சு முடிக்கல்ல" என்றார்.

வேறு யாருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது, ஆனாலும் விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அணி போனபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆரும் தொடண்டாம். நான் மூட்டையில்ல."

மணியன் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்க என்ன தப்பு செய்தோம் மக்கா? சொமக்கதுக்கு ஆளு உண்டு, அது உனக்கு சந்தோசமில்லியா?"

"சொமந்தியா, சரி. குடிச்சு முடிச்சியான்னு ஒரு நாள் எனக்கிட்ட கேட்டியா?"

அதன் பிறகு வந்த மாதங்களில் எங்கள் ஊர்ப் பாதையில் நடக்க எல்லாருக்குமே சங்கடமாக இருந்தது. துணி காய்ந்த சக்கர நாற்காலி வெளியே வந்தது. சரளைக்கல் ஏற்றத்தில் பாதி ஏறும், பின்னால் வழுக்கும், ஓடையில் சாயும். உள்ளங்கைகள் பொத்துப்போயின. வடம் பிடித்துக் காய்த்த அதே கைகள்தான். உதவ ஓடினால் வசவு விழும். அணியின் ஆட்கள் வேலிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இந்த மனிதருக்கு என்ன இவ்வளவு திமிர் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். போய்ப் பிடிக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. சாந்தி அக்கா மட்டும் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "விழுதவங்க எழும்பட்டும். நீங்க சாயா குடியுங்க" என்பார்.

எழும்பினார். முன்னறையில் மோட்டார்க் காயில் சுற்றத் தொடங்கினார். பின்பக்கம் இரண்டு சக்கரம் கூட்டிய பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. காலையில் செங்கல், மத்தியானம் பாறசாலை, சாயங்காலம் எங்கேயோ. சுற்றிய மோட்டாரைக் கொடுப்பதற்கென்று போவார், வேலை இல்லாவிட்டாலும் போவார்.

ஆனால் கிளப்பின் படிகளை ஸ்கூட்டரால் ஏற முடியாது. ஓணத்துக்கு முந்தைய கூட்டத்தன்று நாங்கள் மேலே உட்கார்ந்திருக்கிறோம். கீழே ஹார்ன் அடிக்கிறது. செயலாளர் நான்தான், எட்டிப் பார்த்தேன்.

"பிரபா, கீழ வாருங்க எல்லாரும். எனக்கும் அபிப்பிராயம் உண்டு."

மணியன் அண்ணன் ஜன்னல் வழியே கத்தினார். "நாங்க இங்க செத்தா கெடக்கோம்? இறங்கி வந்து தூக்கிட்டு வாறோம்!"

"தூக்கண்டாம். இறங்கி வந்தாப் போதும்."

யாரும் இறங்கவில்லை. கூட்டம் நடந்தது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழேயிருந்து ஹார்ன் அடித்தது. சம்மதமா எதிர்ப்பா என்று தெரியாமல் நான் எதையும் எழுத முடியவில்லை. கடைசியில் சாயாக்கடைக்காரர் மேலே வந்து, "ஒண்ணுல நீங்க கீழ போங்க, இல்லெங்கில் அவரு பேட்டரி தீரட்டும், எனக்குத் தலை வலிக்குது" என்றார். முனகிக்கொண்டே இறங்கினோம். பக்கத்தில் பூட்டிக்கிடந்த கருவாட்டுக் கடையின் முன்னால் அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு கூட்டத்தை முடித்தோம். இறங்கி வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வில்சன் அண்ணன் விழுந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தார். பின்னர் அந்தக் கருவாட்டுக் கடையே எங்கள் கிளப்பாயிற்று. எத்தனை முறை கழுவினாலும் மழைக்காலத்தில் அது தன் பழைய வாசனையைக் காட்டாமல் விடாது.

இதோடு விட்டிருந்தால் அவர் பிடிவாதக்காரர் என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லப் பழகியவர், வேண்டும் என்று சொல்லவும் பழகினார். அதற்கு இன்னும் அதிக காலம் பிடித்தது.

மகள் ஜாஸ்மினைக் கட்டிக்கொடுத்தது ஒற்றசேகரமங்கலத்தில். மருமகன் அங்கே சரிவில் ஒரு வீடு கட்டினார். புதுமனை புகும் பால்காய்ப்புக்கு அப்பா வர வேண்டும். சாலையிலிருந்து வீடுவரை செம்மண் பாறையை வெட்டிய படிகள், அவ்வளவும் செங்குத்து. சாய்தளம் போட இடமே இல்லை. அவர் ஒருநாள் தனியாகப் போய், கீழே ஸ்கூட்டரில் இருந்தபடி அந்தப் படிகளை வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாராம். அன்று முழுக்க முற்றத்தில் நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தார் என்று அக்கா சொன்னார். மறுநாள் கிளப்புக்கு வந்தார்.

"மணியா."

"என்னடே?"

"என்னைத் தூக்கணும்."

மணியன் அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் செல்லுத மாதிரி தூக்கணும். கைப்பிடியில தொடண்டாம், கீழ கம்பியில பிடிக்கணும். முன்னால நீ நிக்கணும். நான் நில்லுன்னா நிக்கணும். இனி எப்பவும் தூக்குமுன்ன கேளு. சில நேரம் சரிம்பேன், சில நேரம் வேண்டாம்பேன். ரெண்டும் எனக்க பதில் ஆக்கும்."

பால்காய்ப்பு அன்று தலை நரைக்கத் தொடங்கிய அந்த அணி படியடியில் வரிசையாக நின்றது. மணியன் அண்ணன் குனிந்து, "தூக்கட்டா மக்கா?" என்று கேட்டார். "பிடி" என்றார் வில்சன் அண்ணன். பிறகு அவரே, முன்பு கயிற்றின் நுனியிலிருந்து கூவியதைப் போலத் தாளம் கொடுத்துக் கூவிக்கொண்டே மேலே போனார். நடுவில் நிற்கச் சொன்னார். நின்றார்கள். ரப்பர் மரங்களுக்கு அப்பால் தெரிந்த மலையைப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்ல அழகு, இனி போலாம்" என்றார். மேலே போய்ச் சேர்ந்ததும் மணியன் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எதுக்குலே கரையுத? நான் இரிந்துட்டே ஜெயிச்சேன், ஃபவுல் இல்ல பாத்தியா" என்றார் இவர்.

அதற்குப் பிறகு அடிபட்டுக் கிடக்கும் ஆட்களைத் தேடி அவர் போகத் தொடங்கினார். கள்ளிக்காட்டில் லாரி மோதிக் காலை இழந்த ஒருவரிடம் என்னையும் கூட்டிப்போனார். நான் தைரியம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன், வாயைத் திறக்க விடவில்லை. அந்த மனிதரின் கட்டிலருகே நாற்காலியை நிறுத்தி, "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டார். அவர் யோசித்து, "ஜன்னல் பக்கம் தலை வச்சுப் படுக்கணும்" என்றார். அடிபட்டதிலிருந்து அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை போலும்.

சென்ற சில மாதங்களாகச் சிறுநீரகத் தொல்லை. ஆஸ்பத்திரியிலும் ஓய்ந்திருக்கவில்லை, ஸ்கூட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றார், கூட்டிவந்தார்கள். எங்களை விட்டுப் போவதற்கு முந்தைய நாள் கஞ்சித்தண்ணீர் கேட்டு வாங்கி, தானே கோப்பையைப் பிடித்துக்கொண்டு முழுதும் குடித்தாராம்.

அடக்கத்துக்கு மழை சற்று விட்டிருந்தது. வீட்டில் பாட்டும் ஜெபமும் முடிந்தன. மேற்கே மறுபடி கறுத்துவிட்டது, கல்லறைத் தோட்டம் ஏற்றத்தில் இருக்கிறது. "எடுங்க, எடுங்க, நேரமாச்சு" என்று பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. பெட்டியை எடுக்க யார் யாரோ கை நீட்டினார்கள்.

"தொடண்டாம்!" என்றார் மணியன் அண்ணன்.

எல்லாரும் கையை எடுத்துக்கொண்டார்கள். வடம்வலி அணி முன்னே வந்தது. ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார். மணியன் அண்ணன் முட்டி போட்டு, அந்தக் காதருகே குனிந்தார்.

"வில்சா, தூக்கட்டா மக்கா?"

யாரும் அசையவில்லை. பதில் வராமல் தூக்க மாட்டார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. முதல் தூறல் விழத் தொடங்கியது. அப்போதுதான் தலைமாட்டில் இருந்த சாந்தி அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அவிய குடிச்சு முடிச்சாவ, அண்ணா. தூக்குங்க."

தூக்கினார்கள். கீழே பிடித்து, ஒரே தாளத்தில்.

போய் வாருங்கள், வில்சன் அண்ணா. நீங்கள் போகிற இடத்தில் படிக்கட்டு இருந்தால் கீழேயே நின்று ஹார்ன் அடியுங்கள். அவர்கள் இறங்கி வரட்டும்.