சுந்தரியின் குரலுக்கு ஒரு பத்து வாட் பெட்டி

தனகோடியிடம் எதைக் கேட்டாலும் பதில் வாட் கணக்கில்தான் வரும். மிக்ஸி வாங்கப் போனால் கடைக்காரன் பேச்சை விட்டுவிட்டு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிப்பான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன். ஆள் அவசரக்குடுக்கை, வேலை சுத்தம். அவனே ஒரு கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டான் என்றால் அதற்குக் காரணம் அவன் மனைவி சுந்தரி.

நடுவில் நான்கு வருஷம் கம்பெனி அவனை எத்தியோப்பியாவில் இருந்த தன் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தது. அங்கே நெட் வரும், போகும். பேசினால் பாதியில் அறுந்துவிடும். அதனால் சுந்தரி தினமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். ரேஷனில் பருப்பு போடாதது, பக்கத்து வீட்டு ஹலீமா பீ கொடுத்த பிரியாணியில் காரம் ஜாஸ்தியானது, மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டுவாள். பிள்ளை இல்லாத வீடு. அவளுக்கும் பேச ஆள் வேண்டுமே.

அவன் ஊர் திரும்பிய அடுத்த வருஷம் அவள் தொண்டையில் புற்று கண்டது. வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். அவள் குரல் மட்டும் தனகோடியின் பழைய போனில், இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகளாகக் கிடந்தது. அந்தப் போனுக்கோ பேட்டரி உப்பிக்கொண்டே வந்தது. இணையத்தில் ஏற்றிவைக்கலாம் என்றால் மாதாமாதம் வாடகை. ஒரு மாதம் மறந்தால் அழித்துவிடுவார்களோ என்று பயம். பெண்டாட்டி குரலை வாடகை வீட்டில் குடிவைக்க அவனுக்கு மனசு வரவில்லை. வீட்டிலேயே சொந்தமாக ஒரு சர்வர், அதாவது அணைக்காமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், வைத்துவிட்டால், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில்கூட போனிலிருந்து அவள் குரலைக் கேட்கலாம்.

"எந்நேரமும் ஓடணும் பாய். ஆனா கரண்டு கம்மியா குடிக்கணும்" என்றான், பைபாஸ் ஓரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஜியாவுல்லாவிடம்.

ஜியாவுல்லா முதலில் ஒரு பெரிய டெஸ்க்டாப்பைக் காட்டினார். தனகோடி கையோடு கொண்டுபோன மீட்டரை மாட்டினான். எண்பது வாட். "இன்னா பாய், இது கம்ப்யூட்டரா, இஸ்திரிப் பொட்டியா?" பழைய லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான். அதன் பேட்டரியும் உப்பியிருந்தது. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று ஐந்து வாட்டில் ஓடியது. ஆனால் இரண்டு டிஸ்க்கை மாட்டினால் தாங்காமல் அணைந்து அணைந்து எரிந்தது. மாதக்கணக்கில் இப்படியே அலைந்தபின் ஜியாவுல்லா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

"பேங்க்ல கழிச்சுப் போட்டது ணா. ஃபேனே கெடையாது. சூடாவாது, சத்தம் வராது."

மீட்டர் ஒன்பதரை காட்டியது. நல்ல இடத்தில் பெண்ணைக் கொடுத்த தகப்பன் மாதிரி தனகோடி பெருமூச்சு விட்டான். "ரெண்டு டிஸ்க் போடு பாய். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்."

பின்பக்க ஜன்னலுக்கு மேலே இருந்த ஸ்லாப்பில் பெட்டியை வைத்தான். ஃபேன் இல்லாத மெஷின், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஜன்னலையும் திறந்துவிட்டான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு ஓடும் கால்வாய். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போதே மூக்கைப் பொத்துவார்கள். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அப்படி ஒரு நாற்றம் இருப்பதே தெரியாது.

நாற்காலி மேல் நின்று ஒயரை மாட்டிக்கொண்டிருந்தபோது சுந்தரி காலிலிருந்து கொலுசைக் கழற்றி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன மாதம் மெருகு போட்ட வெள்ளி, கரி பூசினாற்போல இருந்தது. ஜன்னலைக் காட்டினாள், பெட்டியைக் காட்டினாள்.

"பாலிஷ் தான? ஞாயித்துக்கெழம போட்டு எடுத்தாறேன்" என்றான்.

அவள் இல்லையென்று வேகமாகத் தலையாட்டிவிட்டு, எழுதிக்காட்டும் சிலேட்டை எடுக்க உள்ளே ஓடினாள். எழுதிக்கொண்டு வருவதற்குள் அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான். சாயங்காலம் வந்தவன் கேட்கவும் இல்லை. அவள் எழுதியதை அழித்துவிட்டாள்.

எல்லாத் துண்டுகளும் ஏறிவிட்டதை இரண்டு முறை சரிபார்த்தபின் பழைய போனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். அப்புறம் எட்டு மாதம் அவனுக்குத் திருவிழாதான். காதில் இயர்போனோடுதான் சோறு. வீட்டில் சுந்தரி எதிரே உட்கார்ந்து பரிமாறும்போதும் பழைய சுந்தரி காதுக்குள் பேசிக்கொண்டிருப்பாள். நிஜ சுந்தரி சோறு வேண்டுமா என்று கேட்கத் தட்டைக் கரண்டியால் தட்ட வேண்டியிருந்தது.

ஆடி மாதம் ஒருநாள் பெட்டியில் விளக்கு எரியவில்லை. ஜியாவுல்லா பிரித்துப் பார்த்து, டிஸ்க்கின் முனைகளைப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்தார். ரப்பர் கறுத்தது.

"வீடு டேனரி பக்கமா ணா?"

"பின்னாலியே. இன்னாத்துக்கு?"

"அந்தக் காத்துதான். செம்பு, வெள்ளி எதையும் விடாது, கறுக்க வச்சு அரிச்சுடும். ரெண்டு டிஸ்க்கும் அதே காத்துலதான இருந்துச்சு. எனக்கும் தோணாம போச்சு ணா. நானும் இந்த ஊர்க்காரன்தான?"

வெள்ளி என்றதும் தனகோடிக்கு அன்று சுந்தரி நீட்டிய கொலுசு ஞாபகம் வந்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

டிஸ்க்குகளைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு துண்டு திரும்பி வந்தது. கடையில் நின்றபடியே போட்டுக் கேட்டான். "இன்னாங்க, கேக்குதா? ... சரி, அப்பறமா பேசறேன்." அவ்வளவுதான். ஜியாவுல்லா பணம் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தனகோடி அழுதுகொண்டே வண்டியை எடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் சிலேட்டையும் பலப்பத்தையும் தேடி எடுத்து சுந்தரி முன்னால் வைத்தான்.

"அன்னிக்கு இன்னாவோ எழுதினியே. இப்ப எழுது சுந்தரி. படிக்கறேன். எங்கியும் போவல."

சுந்தரி பலப்பத்தைக் கையில் எடுத்தாள். பெட்டியை அங்கே வைக்க வேண்டாம் என்று அன்று எழுதியதை இனி எழுதி என்ன ஆகப்போகிறது? சிலேட்டை அவன் மடியில் வைத்துவிட்டு, பொங்கி வழியும் உலையைப் பார்க்க உள்ளே போனாள்.