நிற்பது எத்தனை வேலை

மாமா இரண்டு காலையும் ஊன்றி நின்று நான் பார்த்ததே இல்லை. பேசும்போதும், டீ குடிக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் உடம்பின் பாரத்தை வலது காலுக்கும் இடது காலுக்குமாக மாற்றிக்கொண்டே இருப்பார். "தம்பி, கொஞ்சம் உட்காரேன்டா, பார்க்கிற எனக்குத் தலை சுத்துது" என்பாள் அம்மா. உட்கார மாட்டார். மருந்துக் கிடங்கு ஒன்றின் வாசலில் அவர் காவலாளி. அங்கே நாற்காலி நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான். மாமா பல வருடங்களாகத் தற்காலிகம்.

நிரந்தரமாவதற்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். தனித்தேர்வராக எழுதி மற்ற பாடங்களைத் தாண்டிவிட்டார். அறிவியல் மட்டும் அவரை விடவில்லை. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படித்தது வணிகவியல் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உயிரியலில் மாமா புலி. "செல்னா என்ன?" என்றால், "உயிருக்கு அடிப்படை. செல் இல்லாம இப்ப எவன் உயிரோட இருக்கான்?" என்பார். விடை சரியாக இருந்ததால் நான் மேற்கொண்டு கிளறவில்லை. வேதியியலில்தான் வழுக்கியது. காரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்ட இடத்தில் "மிளகாய்" என்று எழுதிவிட்டு வந்திருந்தார். அதற்குப் பிறகு, சாப்பாட்டில் காரம் அதிகம் என்று அவர் வாயெடுத்தால் போதும், "சிவப்பு லிட்மஸ் வெச்சுப் பாருங்க. நீலமானா ஒத்துக்கிறேன்" என்பாள் அத்தை.

உண்மையான சண்டை இயற்பியலில். ஒருவர் ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறார். அவர் செய்த வேலை எவ்வளவு?

"விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி மாமா. நகரலேன்னா பூஜ்ஜியம்."

"யாரு சொன்னா?"

"புத்தகம்."

"புத்தகத்தை ஒரு நாள் என் கேட்டுல வந்து நிக்கச் சொல்லு."

"இது இயற்பியல்ல வர்ற வேலை. வேற."

"வேறன்னா வேற பேரு வெச்சிருக்கணும். நமக்குன்னு இருந்த ஒரு வார்த்தையையும் பிடுங்கிக்கிட்டாங்களா? சரி, கால் மாத்தி மாத்தி நிக்கிறேனே, அது இடப்பெயர்ச்சி இல்லையா?"

"கடைசியில அதே இடம்தானே மாமா."

"இதை எங்க சூப்பர்வைசர் காதுல போட்டுடாத தாயே."

பாடத்தின் பின்பக்கக் கேள்வி என்பதால் தேர்வில் அது அடிக்கடி தலைகாட்டும். வரும்போதெல்லாம் "முழு வேலை" என்று எழுதி, வாசலில் வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதுவரை விளக்குவார். அதிலேயே நேரம் போய், மற்ற கேள்விகள் அப்படியே நிற்கும்.

இந்த முறை தேறாதவர்களுக்கு இனி நிரந்தரம் கிடையாது என்று கிடங்கில் சொல்லிவிட்டார்கள். "பூஜ்ஜியம்னு எழுதினா கை அழுகிடுமா?" என்றாள் அத்தை.

தேர்வன்றைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் காவலாளி, எல்லோரும் 'விசில்' என்று கூப்பிடுகிறவர், மாமாவின் ஷிஃப்ட்டையும் சேர்த்து நின்றார். "போய் எழுதிட்டு வாண்ணே. எனக்கு ஒரு நாள் நின்னு கழிச்சுக்க."

"நிக்கலேன்னா கேளுடா" என்றார் மாமா.

கேள்வி வந்தது. மாமா பூஜ்ஜியம் என்று எழுதினார். தேறிவிட்டார். அந்த விடையை எழுதவைத்ததில் எனக்கு இருப்பது பெருமைதானா என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை.

நிரந்தரம் வந்தது, நாற்காலியும் வந்தது. ஒரு வாரம் அதை வாசலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாராம்.

பிறகு விசில் தன் நாளைக் கேட்டார். மகளைக் கல்லூரியில் சேர்க்க வெளியூர் போக வேண்டும். மாமா சீருடையோடு போய் நின்றார். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"நிரந்தர ஆளு தற்காலிகத்தோட இடத்துல நிக்கக் கூடாது. ரூல்."

"அப்ப உட்கார்ந்துக்கிறேன் சார்."

"தற்காலிகத்துக்கு நாற்காலி கிடையாதுப்பா."

விசில் ஊருக்குப் போகவில்லை. மகளை யாரையோ துணைக்குச் சேர்த்து அனுப்பிவைத்தார். அடுத்த வருடமே மாமா ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் கிடங்கு வாசல் பக்கமே நிற்கக் கூடாதாம்.

இப்போதும் தெருவில் பார்த்தால், "அண்ணே, என் நாள் பாக்கி இருக்கு" என்று விசில் சிரிப்பார். மாமா பதில் சொல்ல வாயெடுப்பார். அதற்குள் விசிலுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிடும்.