ஒரு வருஷத்துப் பொலிஸ்

விடுதிச் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பொலிஸ்காரி வந்து நின்றாள். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுகிற அண்ணை முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நின்றார். அவள் வாயைத் திறக்க முன்னரே நாங்கள் இருவரும் எங்கள் பெர்மிக் கார்ட்டுகளை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டோம்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜெனீவாவில் நடந்தது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை தருகிற தற்காலிக அனுமதி அட்டையான பெர்மிதான் எங்களிடம் இருந்தது. குளிக்கப் போனாலும் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வோம். யூனிபோமைக் கண்டால் கை தானாகவே பொக்கற்றுக்குள் போகும். ட்ராமில் டிக்கெட் பார்க்க வந்தவரிடம் பெர்மியைக் கொடுத்தவர்கள் எங்களுக்குள் ஏராளம். ஆனால் கடல் கடந்து வந்து எங்கள் விடுதியிலேயே காசு கட்டித் தங்கியிருக்கிற வேறு நாட்டுப் பொலிஸிடம் நீட்டிய பெருமை எனக்கும் அண்ணைக்கும் மட்டுமே உரியது.

அவள் கேட்க வந்தது அயன் பொக்ஸ்.

நுரை வழிகிற கார்ட்டையும் என்னுடையதையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. தன் சட்டைப் பொக்கற்றைத் திறந்து ஒரு கார்ட்டை எடுத்து எங்களுடையவற்றுக்குப் பக்கத்தில் பிடித்தாள். படம், இலக்கம், அரச முத்திரை எல்லாம் அதிலும் இருந்தன.

அவள் பேசியது ஆங்கிலம். யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் எங்களுக்குள் தடை இருக்கவில்லை. எனக்கு அது ஞாபகத்தில் இருப்பது என் தமிழில்தான், அப்படியே எழுதுகிறேன். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

"என்னட்டையும் ஒண்டு இருக்கு," என்றாள். "நான் ஆர் எண்டு அரசாங்கம் எழுதித் தந்தது. என்ர பாட்டன் பூட்டன் இருந்த நிலத்திலை நிக்கிறதுக்கு எனக்கு இது வேணும்."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அண்ணை மட்டும் சிரிக்காமல் தன் கார்ட்டை ஏப்ரனில் துடைத்து உள்ளே வைத்தார்.

ஒவ்வொரு கோடையிலும் உலகத்தின் பூர்வகுடி மக்கள் ஜெனீவாவில் கூடுவார்கள். ஏரிப்பக்கம் இருக்கிற பெரிய மண்டபத்தில் தங்கள் முறைப்பாடுகளை ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். மலிவான விடுதி என்பதால் எங்களிடம் பலர் தங்குவது வழக்கம். அவள் ஒரு குளிர்நாட்டிலிருந்து வந்திருந்தாள். பெரிய நாடு, நல்ல பேரெடுத்த நாடு. பேரை எழுதப்போவதில்லை. அந்த நாட்டின் வடக்கே அவளுடைய மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தில் அவள் பொலிஸாக வேலை செய்தாள். சாதாரணப் பொலிஸ் அல்ல. அந்த மக்களே தங்களுக்குள் ஆட்களை எடுத்து நடத்துகிற பொலிஸ். அதற்குப் பொறுப்பும் அவள்தான்.

எனக்கு நம்ப முடியவில்லை.

"உங்கட பாஷை கதைக்கிற பொலிஸோ?"

"ஓம். ஏன் கேக்கிறீர்?"

ஏன் என்று அவளுக்குச் சொன்னேன். என்னுடைய சைக்கிள் களவு போனபோது பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். நான் தமிழில் சொன்னேன். அங்கிருந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதினார். பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். சைக்கிள் களவு போனது என்று எழுதினாரா, நானே களவெடுத்தேன் என்று எழுதினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சைக்கிளும் வரவில்லை. நாட்டை விட்டு வந்த காரணங்களைக் கேட்கிறவர்களிடம் நான் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வயிறு எரிவது என்னவோ அந்தக் கையெழுத்தை நினைக்கும்போதுதான்.

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அன்று அயன் பண்ணுவதை இருவருமே மறந்துபோனோம்.

அவர்களுடைய பொலிஸுக்கு அரசாங்கம்தான் காசு கொடுத்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மட்டும். வருஷம் முடிய மறுபடி கேட்க வேண்டும், மறுபடி அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து நகரத்துப் பொலிஸுக்கு நிரந்தரச் சம்பளம், நல்ல கட்டடம், புதுக் கார். இவர்களுக்கு மற்றவர்கள் ஓடிக் களைத்த கார். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பதிலுக்கு ஆள் இல்லை. ஆள் எடுத்துப் பழக்கினாலோ, அடுத்த வருஷம் வேலை இருக்குமோ என்ற பயத்தில் அவன் நகரத்துப் பொலிஸுக்கு ஓடிவிடுவான்.

"எங்களைப் பொலிஸ் எண்டு எழுத மாட்டினம்," என்றாள். "திட்டம் எண்டுதான் எழுதுவினம். திட்டம் எண்டால் எப்பவும் நிப்பாட்டலாம்."

"நிப்பாட்டினால்?"

"நகரத்திலையிருந்து வருவினம். பனி கொட்டினால் அரை நாள் செல்லும். போன மாரியிலை ஒருத்தி கதவைப் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் அடிச்சாள். வெளியிலை அவளின்ர புருஷன் கோடாலியோடை. நான் மூண்டாவது வீடு. ஓடிப்போனன். அவனைச் சின்னனிலையிருந்து தெரியும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டன், கோடாலியைக் கீழை போட்டான். நகரத்திலையிருந்து வந்திருந்தால் ஒண்டில் அவளைச் சுமந்துகொண்டு போயிருப்பினம், இல்லாட்டி அவனைச் சுட்டுப்போட்டுப் போயிருப்பினம்."

இதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். அந்த மண்டபத்தில் பேச அவளுக்குச் சில நிமிடங்கள் கிடைத்திருந்தன. யூனிபோமோடு நின்று, நாங்கள் திட்டம் இல்லை, பொலிஸ் என்று உலகத்தின் முன்னால் சொல்லப் போகிறாள். அதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் உசாராகிவிட்டது. அன்று மத்தியானம் அவளுக்கு மட்டும் ஒரு முட்டையைக் கூடுதலாகப் பொரித்து வைத்தேன்.

அடுத்த நாள் அவளுடைய அரசாங்கத்தின் அதிகாரி ஒருவர் விடுதிக்கு வந்தார். அவரும் கூட்டத்துக்காக வந்தவர்தான், ஆனால் வேறு ஹோட்டல். நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து என் கோப்பியைப் புகழ்ந்தார். குரலை உயர்த்திப் பேசுகிறவரோடு சண்டை பிடிக்கலாம். இப்படிப்பட்டவர்களோடு என்ன செய்வதென்றே தெரியாது.

அடுத்த வருஷத்து ஒப்பந்தம் தன் பையில் தயாராக இருக்கிறது என்றார். கூட்டம் முடிய இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடலாமாம். ஒரேயொரு சின்ன விஷயம். பேசும்போது யூனிபோம் வேண்டாம். யூனிபோம் திட்டத்தின் காசில் வாங்கியதாம். அதைப் போட்டுக்கொண்டு அரசாங்கத்தைக் குறை சொன்னால் மேலிடத்துக்குச் சங்கடமாம். சாதாரண உடுப்பில் தனிப்பட்ட ஆளாக எதையும் பேசலாமாம். அதுதான் சுதந்திர நாடாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பிக் கூசாவோடு போனவள், கோப்பியை ஊற்றிவிட்டுப் பேசாமல் வந்திருக்க வேண்டும்.

"மன்னிக்கவேணும்," என்றேன். "உங்கட நகரத்துப் பொலிஸும் வருஷா வருஷம் கேட்டுத்தான் சம்பளம் எடுக்கிறதோ?"

அவர் என்னைப் பார்த்தார். கோப்பிக் கூசா பேசியிருந்தாலும் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். பிறகு அதே சிரிப்போடு, "அது வேறை விஷயம்," என்றார்.

சமையலறைக்குள் வந்ததும் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, உமக்கென்ன விசரோ? உம்மட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அந்தாள் விடுதி மதாமுக்குச் சொன்னால் வேலையும் போச்சு."

"போனால் போகட்டும்."

"போனால் போகட்டும் எண்டு சொல்லுறவை வீட்டு வாடகையையும் சேர்த்துச் சொல்லவேணும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அதிகாரி போன பிறகு அவள் உள்ளே வந்து அதே கதிரையில் உட்கார்ந்தாள். யூனிபோமைக் கழற்றப்போகிறேன் என்றாள். நான் பொரிந்து தள்ளினேன். கழற்றினால் அவர்கள் சொல்வதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றேன். உரிமை, மானம் என்று யாழ்ப்பாணத்து மேடைகளில் கேட்ட சொற்கள் எல்லாவற்றையும் எடுத்து வீசினேன். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"உமக்குச் சொல்ல லேசு," என்றாள். "இந்தக் கையெழுத்து இல்லையெண்டால் சம்பளம் போறது உமக்கில்லை. என்னோடை வேலை செய்யிறவைக்கு. அவைக்குப் பிள்ளையள் இருக்கு. ஆரும் கூப்பிட்டால் போக ஆளில்லாமல் போகும். அந்தக் கோடாலிக்காரனுக்கு உம்மட மானத்தைக் காட்டுறதோ?"

அண்ணை குழாயை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். ஆங்கிலம் பேச வராவிட்டாலும் விஷயம் அவருக்கு விளங்கியிருந்தது. விருந்தாளிகளின் விஷயத்தில் வழக்கமாகத் தலையிடாதவர்.

"கழட்டினால் அடுத்த வருஷம் என்னத்தைக் கழட்டச் சொல்லுவினம் எண்டு கேளும்," என்று என்னிடம் சொன்னார். "அதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லும்."

சொன்னேன். அவள் எழும்பி அயன் பொக்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எதை அயன் பண்ணப் போகிறாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

காலையில் சாப்பாட்டு அறைக்கு யூனிபோமோடு இறங்கி வந்தாள். கால்சட்டையின் மடிப்பு கத்தியாக நின்றது. சந்தோஷத்தில் என் கையிலிருந்த பாணை வைக்க இடம் தெரியவில்லை. அண்ணை வாசலில் நின்று ஒரு சல்யூட் அடித்தார். சுவிஸ் மண்ணில் அவர் மனமொப்பிப் பொலிஸுக்கு அடித்த ஒரே சல்யூட் அதுதான். மத்தியானச் சமையலைத் தான் பார்ப்பதாகச் சொல்லி என்னையும் அவரே அனுப்பிவைத்தார். அவருக்கு வெங்காயம் வதக்கவும் தெரியாது.

அவள் எடுத்துத் தந்த விருந்தாளிப் பாஸில் மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னுக்குப் பேசியவர்கள் பேச, மற்றவர்கள் கோப்பிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அவள் எழுந்தபோது கொஞ்சப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொலிஸ் உடுப்பில் அங்கே முறைப்பாடு சொல்ல யாரும் எழுந்ததில்லை போலும். அந்த அதிகாரி தன் நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தொடங்கினாள். கதவைப் பூட்டிக்கொண்டு நின்ற பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பழைய காரைப் பற்றிச் சொன்னாள். "எங்கட ஆக்களுக்குக் கோபம் வாறது வருஷத்துக் காசு முடிஞ்சவுடனை நிக்கிறதில்லை," என்றாள். அப்போது நேரம் முடிந்துவிட்டது என்று தலைமையில் இருந்தவர் மரியாதையாக அறிவித்தார். ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. பனிக்காற்றில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் கையைப் பிசைந்தார்கள். "நாங்கள் திட்டம் இல்லை. பொலிஸ்," என்று முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மற்றப் பூர்வகுடிக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். நான் அழுதேன். அழுவதற்கு வெட்கப்படவும் இல்லை.

வெளியே நடைவழியில் அதிகாரி அவளுக்காகக் காத்து நின்றார். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நல்ல பேச்சு என்றார். மேலிடம் பெருந்தன்மையாக இருக்கிறது, ஒரு வருஷத்துக்குத் தருவார்கள், இப்போதே கையெழுத்துப் போடலாம் என்றார். பையைத் திறந்தார்.

அந்த நிமிடம் அவள் போட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். சொன்னதையும் சொல்லியாயிற்று, காசும் கையில்.

"ஒரு வருஷமெண்டால் வேண்டாம்," என்றாள். "நகரத்துப் பொலிஸுக்கு எப்பிடியோ அப்பிடி எழுதிக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு போடுறன்."

"அதுவரைக்கும் காசு வராது," என்றார் அவர். முதன்முறையாக அவரிடம் சிரிப்பு இல்லை.

"தெரியும்."

திரும்பி வரும்போது ட்ராமில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்குப் போய் என் ஆட்களுக்கு என்ன சொல்வேன் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கிழமை முடிய அவள் விமானம் ஏறினாள்.

கோடை போய் மாரி வந்தது. தை மாதத்தில் ஒரு பின்னேரம் விடுதித் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்றார்கள். அவள்தான்.

"சம்பளம் வந்ததோ?" என்று சுகம்கூட விசாரிக்காமல் கேட்டேன்.

"இல்லை. கதைக்கினம். செலவைக் குறைச்சால் யோசிக்கலாமாம். குறைக்கிறதுக்கு என்ன கிடக்கு எண்டு கேட்டன்."

"உம்மோடை வேலை செய்தவை?"

"ஒருத்தன் நகரத்துப் பொலிஸுக்குப் போயிட்டான். அவனிலை கோபமில்லை. மற்றவன் காலமை பள்ளிக்கூட பஸ் ஓடுறான், பின்னேரம் என்னோடை வாறான். சனம் பெற்றோல் அடிச்சுத் தருகுது. இறைச்சி கொண்டுவந்து வைக்குது."

அந்தப் பக்கம் இன்னொரு தொலைபேசி அடித்தது. பொறும் என்றுவிட்டு அதை எடுத்தாள். தன் பாஷையில் அவள் கதைப்பதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மற்றப் பக்கத்தில் இருந்தவர் அழுவதும், இவள் மெல்ல மெல்லக் கேள்வி கேட்பதும் விளங்கியது.

திரும்பி வந்து, "போகவேணும், ஒரு வீட்டிலை பிரச்சினை," என்றாள். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

"சம்பளமில்லாமலோ?" என்று மோட்டுத்தனமாகக் கேட்டேன்.

"கூப்பிடுறவளுக்கு அது தெரியத் தேவையில்லை," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.