தூங்கிய எலிகள்

மினோவா சயோ என்று பெயரைச் சொன்னாலே எங்கள் துறையில் பலர் இன்றைக்கும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வெட்கங்கெட்டவர்கள்! நான் உரக்கவே சொல்வேன். டொயாமா நகரத்தில், மூளைக்கான மருந்துகளை ஆராயும் எங்கள் கூடத்தில் அவளுக்கு அடுத்த மேஜை என்னுடையது.

அவளுடைய அப்பா வீடு வீடாக மருந்துப் பெட்டி வைத்துவிட்டு வருபவர். அடுத்த வருஷம் போய், தீர்ந்த மருந்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்வார். வைத்த சரக்கில் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்தால், இடுப்பளவு பனியிலும் அவரே போய் எடுத்துவருவார். அந்த மனுஷனின் பெண் இவள்.

சயோ அதிகம் எழுதியவள் அல்ல. ஆனால் ஒரே ஒரு கட்டுரை அவளை எங்கோ கொண்டுபோய் வைத்தது. எலியைப் பெட்டிக்குள் விட்டு லேசாக ஷாக் கொடுப்போம். மறுநாள் அதே பெட்டியில் விட்டால், ஞாபகம் உள்ள எலி பயத்தில் உறைந்து நிற்கும். மறந்துபோன கிழ எலி ஓடியாடும். சயோவின் மருந்தைக் கொடுத்த கிழ எலிகள் அசையாமல் நின்றன. ஞாபகம் திரும்பிவிட்டது என்று எழுதினாள். அவ்வளவுதான், உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எந்தக் கட்டுரையைப் பிரித்தாலும் 'மினோவா, குவாபரா காட்டியபடி' என்று இருக்கும். குவாபரா எங்கள் பேராசிரியர். விருது அவருக்கு, புதுக் கட்டடமும் அவருக்கு. சயோவுக்கு, வசந்தத்தில் வேலை நிரந்தரமாகும் என்ற வாக்குறுதி.

பிறகு ஒருநாள், ஷாக்கே கொடுக்காத புதுப் பெட்டியில் அதே மருந்து கொடுத்த எலிகளை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் அசையாமல் நின்றன. ஞாபகமாவது மண்ணாவது! மருந்து மயக்கத்தில் அவை தூங்கி வழிந்துகொண்டிருந்தன.

நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், அந்தக் கட்டுரைய நாம திரும்ப வாங்கிடணும்."

"பைத்தியமா உனக்கு? எத்தன பேர் அத நம்பி வேல பாக்குறாங்க!"

"அதனாலதான் சார். வயசானவங்களுக்குக் குடுத்துப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்கப்பாவா இருந்தா இந்நேரம் போய் எடுத்துட்டு வந்திருப்பாரு."

"உங்கப்பா பெட்டி தூக்குனவரு. இது ஆராய்ச்சிம்மா. வேல நிரந்தரமாகுற வரைக்கும் வாய மூடிட்டு இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்காம்! யாருடைய நல்லதுக்கு? கட்டுரை வெளியான ஆராய்ச்சிப் பத்திரிகைக்குச் சயோ தானாகவே எழுதினாள். அவர்கள் குவாபராவிடம் விளக்கம் கேட்டார்கள். 'வேலைப் பளுவில் அந்தப் பெண் குழம்பிப்போயிருக்கிறாள்' என்று பதில் போட்டுவிட்டார் அந்தப் பெரிய மனிதர்.

இலையுதிர் காலத்தில், சோதனையில் செத்த பிராணிகளுக்கு நினைவுநாள் வந்தது. அவற்றுக்காக நட்ட நினைவுக் கல்லுக்கு முன்னால் வெள்ளைச் சாமந்தி வைத்து, டீன் முதல் மாணவர்கள் வரை கறுப்பு உடையில் நிற்போம். ஆராய்ச்சியாளர் ஒருவர் அஞ்சலி வாசிப்பார். அந்த வருஷம் சயோ வாசிக்கட்டும் என்றவர் குவாபராதான். கௌரவம் கொடுத்தால் அடங்கிவிடுவாள் என்று கணக்கு.

வழக்கமான வாசகம்தான். 'உங்கள் உயிர் வீண்போகவில்லை' என்ற வரி வந்ததும் நிறுத்தினாள். தாளை மடித்தாள். கல்லைப் பார்த்துப் பேசினாள்.

"வீணாத்தான் போச்சு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. ஞாபகம் வந்துடுச்சுன்னு நான் எழுதிட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் அது இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்த மருந்த இப்ப மனுஷங்க சாப்பிடுறாங்க. மன்னிச்சிடுங்க."

இடுப்பு வரை குனிந்தாள். நிமிரவே இல்லை.

அஞ்சலி முடிந்து வந்தவர்களுக்கு மீன்சோற்றுப் பொட்டலம் கொடுக்கிற இடத்தில் குவாபரா அவளை மடக்கினார். "போயும் போயும் எலிகிட்டயா மன்னிப்பு? என் மானத்த வாங்கிட்டியே!"

"மனுஷங்ககிட்ட கேக்க நீங்க விடலையே, சார்."

அத்தனை பேர் காதில் விழுந்ததை டீனால் மறைக்க முடியுமா? விசாரணை நடந்தது. கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள், மருந்தையும் நிறுத்தினார்கள். வசந்தம் வந்தது, சயோவின் மேஜை காலியானது. இப்போது பக்கத்து ஊர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். குவாபராவோ பூங்கொத்தும் கைதட்டலுமாக ஓய்வு பெற்றார். அவருடைய கட்டுரைகளையெல்லாம் தொகுத்துத் தடித்த புத்தகம் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரையும் அதில் இருக்கிறது. முழுப் பூசணிக்காய், சோற்றுக்குள்ளே!

போன வாரம் ஒரு மாணவன் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எலிகளுக்கு ஞாபகம் திரும்பிய கதையை எனக்கே விளக்கினான்.

"வாபஸ் வாங்குன கட்டுரைடா அது!" என்று கத்தினேன்.

"அப்படியா சார்? போன மாசம் வந்த கட்டுரையிலகூட மேற்கோள் காட்டியிருக்காங்களே." பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தான். "ஆமா, இந்த மினோவாங்கிறது யாரு சார்?"

உட்காருடா என்றேன். அறைக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன்.