ஸ்டோரில் காய்ந்த மட்கார்டு

தோட்ட முதலாளி மேல் இருந்த ஆத்திரத்தில் சுருளிவேல் ஏலக்காயில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டானாம். தேவாரம் டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டதை, கண்டக்டர் பால்பாண்டி பஸ்சை விட்டு இறங்காமலே சொன்னான். போடி ரோட்டோரக் கொட்டகையில் ஒரு ஜீப்புக் கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் யோசேப்பின் கை அப்படியே நின்றது.

"ஊத்துனதைப் பார்த்தவுக யாரு?"

"பாக்கணுமாக்கும்? ஏலத்துல மூட்டையப் பிரிச்சதுமே வியாபாரிக மூக்கைப் பொத்திக்கிட்டாக. ஸ்டோருக்குப் பொறுப்பு சுருளிவேலுதான? ஆளு வாயே தெறக்கலையாம். குடியிருந்த லயத்துல இருந்து சட்டி பானையத் தூக்கி வெளிய வச்சாச்சு. இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள நடந்ததச் சொல்லலேன்னா போலீசுதான்னு முதலாளி சொல்லிப்புட்டாராம்ணே."

விசில் அடித்துவிட்டு அவன் போய்விட்டான். அது மண்ணெண்ணெய் இல்லை, பெயிண்டில் கலக்கும் தின்னர் என்று யோசேப்பு, அவன் மனைவி, சுருளிவேல் என உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும்.

யோசேப்பு சண்டைக் காலத்தில் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்குப் பச்சை அடித்தவன். சண்டை முடிந்து அதே பச்சை ஜீப்புகள் ஏலத்தில் மலைக்கு வந்தபோது, அந்தப் பச்சையைச் சுரண்டி எடுப்பதே அவன் பிழைப்பானது. கீழ் வளைவில் வரும்போதே இன்னார் வண்டி என்று தெரிய வேண்டும் தோட்ட முதலாளிகளுக்கு. ஒருவருக்குப் பானெட்டு மட்டும் மஞ்சள். இன்னொருவருக்குச் சக்கரத்தில் வெள்ளை வளையம். பதினைந்து வருஷத் தின்னரில் அவன் மூக்குச் செத்துப்போனது. கருவாட்டுக் குழம்பும் அவனுக்கு வெந்நீர்தான்.

ஐப்பசியில் சௌந்தரபாண்டியன் முதலாளி ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். மகனுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை ஊர்வலம் அந்த ஜீப்பில்தான். பானெட்டு சந்தன நிறம், மட்கார்டு அரக்குச் சிவப்பு, வியாழக்கிழமைக்குள் வேண்டும். வானமோ மூடிக்கிடந்தது. ஈரத்தில் அடித்த பெயிண்ட் சாம்பல் தடவியதுபோல் வெளுத்தது. தேய்த்து மறுபடி அடித்தான், மறுபடி வெளுத்தது. மூன்றாம் நாள்தான் முதலாளியின் தோட்டத்து ஸ்டோர் ஞாபகம் வந்தது. பறித்த ஏலக்காயை விறகு அனலில் உலர்த்தும் அறை. மழை எப்படிக் கொட்டினாலும் உள்ளே சித்திரை வெயில். பானெட்டையும் மட்கார்டுகளையும் கழற்றி, மலைக்கு அரிசி ஏற்றிப்போன லாரியில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான்.

சின்ன வயசுக் கூட்டாளி சுருளிவேல் தயங்கவே இல்லை.

"பகல்ல அறை சும்மாதான கெடக்கு. அடிச்சுக் காய வச்சுக்க. பொழுது சாய நான் காயப் பரப்பிக்கிறேன். முதலாளி காதுக்குப் போக வேணாம், மாப்ளே."

சாயங்காலம் தகரம் கண்ணாடியாய்க் காய்ந்திருந்தது. வெளியே தூக்கி வைத்தார்கள். சுருளிவேல் பொறுப்பானவன், ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுவரோரமாக மோந்துகொண்டே நடந்தான்.

"வாடை எதுவும் அடிக்குதா மாப்ளே?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஒனக்கு?"

"ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

இருபது வருஷமாக ஏலக்காய்க்குள்ளேயே கிடந்த சுருளிவேலுக்கு எந்த வாசனையும் தெரியாது என்பது யோசேப்புக்குத் தெரியும். யோசேப்பின் மூக்கு செத்தது சுருளிவேலுக்கும் தெரியும். வேலை முடிந்த சந்தோஷத்தில் இருவருக்கும் அது தோன்றவில்லை. ஒருவனை ஒருவன் நம்பிக் காயைப் பரப்பினார்கள்.

ஊர்வலத்தில் மாப்பிள்ளையை விட ஜீப்பைத்தான் ஜனம் பார்த்தது. அப்படிப் பார்த்துவிட்டு வந்த ஒருவருடைய கதவுதான் இப்போது அவன் முன்னால் கிடந்தது.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஞானபாக்கியம் வாசலுக்கு வந்தாள்.

"காயி நாறுதுன்னு திங்கக்கெழமையே ஒங்க காதுக்கு வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"இன்னைக்கு என்ன கெழமை?"

அவன் மறுபடி கதவைத் தேய்க்க ஆரம்பித்தான். பிறகு, "சொன்னா இந்த மலையில எந்த ஜீப்பு நம்ம கொட்டகைக்கு வரும், பாக்கியம்?" என்றான்.

"அந்த அண்ணே ஒங்க பேரச் சொல்லிருந்தா இந்நேரம் லயத்துல படுத்திருப்பாரு. அவரு பெஞ்சாதி மருதாயி பிள்ளைகளோட மழையில நிக்கிறா." கதவை ஒரு பார்வை பார்த்தாள். "மூக்கு மட்டுந்தான் செத்துச்சுன்னு நெனைச்சேன்."

மலைமேல் மெட்டுக்குப் போகும் பஸ் மத்தியானமே போய்விட்டது. தபாலாபீசுக்கு ஓடினான். அங்கிருந்து முதலாளியின் மலைப் பங்களாவுக்கு டிரங்கால் போட்டுப் பேசலாம். சிவப்புப் படிந்த கைகளை வேட்டியில் துடைத்தபடி முக்கால் மணி நேரம் பெஞ்சில் கிடந்தான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப்பார்த்தான். 'தப்பு என்னோடது முதலாளி, சுருளிவேலு மேல பழி இல்ல.' அவ்வளவுதான். நாலு நாளாக அந்த ஏழு சொல் வாய்க்கு வரவில்லை.

"லைன் கெடச்சிருச்சு, பிடிங்க" என்று கிளார்க்கு ரிசீவரை நீட்டினார்.

மலைமேல் மணி அடித்தது. யோசேப்பு தொண்டையைச் செருமிக்கொண்டான். மறுபடி அடித்தது. பங்களாவில் எப்போதும் ஆள் இருக்குமே. எல்லாரும் ஸ்டோர்ப் பக்கம் போய்விட்டார்களோ? எதற்குப் போயிருப்பார்கள்? ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்துக்கொண்டு வந்தது. வெயில் இல்லாத நாளில் பொழுது எப்போது சாய்கிறது என்று யார் கண்டது?

"யாரும் எடுக்கலையேப்பா. வச்சிரவா?"

"வச்சிராதீக சார். எடுப்பாக. கொஞ்சம் பொறுங்க."

ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.