எனக்குப் போட்ட அம்மை

எனக்கு ஒரு தடவை அம்மை போட்டிருக்கிறது. நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில். அதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொன்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிப்பாள், ஏன் சிரிக்க மாட்டாள்! அந்த அம்மையால் பிழைத்தவள் அவள்தானே.

அக்காவுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அரியலூரில் பி.எஸ்ஸி. முடித்தவள், டெல்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்காகப் பெரம்பலூர் போய் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்திருந்தாள். நாடு முழுக்க எழுதுகிறவர்களில் ஒரு வகுப்பறைக்குத் தேவையான பேரைத்தான் எடுப்பார்களாம். எடுத்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதில் வெயிட்டிங் லிஸ்டில் நாலாவது ஆள் என்று வந்தது. “ரயில் டிக்கெட் மாதிரிதான். யாராச்சும் கேன்சல் பண்ணா நமக்கு” என்றார் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த அப்பா. முகம் தெரியாத நாலு பேர் மனசு மாற வேண்டுமென்று எங்கள் வீட்டில் தினமும் விளக்கு எரிந்தது. மூன்றாவது பட்டியல்தான் கடைசி. அது இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனது.

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைக் கொண்டு வந்தார். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். தாத்தா போன பிறகு அப்பாவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். ஐந்து ஏக்கர் முந்திரிக்காடு அவருக்கு. அவர் எதிரில் அப்பா நாற்காலியில் உட்காரக்கூட மாட்டார். மாப்பிள்ளைக்குத் தா.பழூர் பக்கம். சிங்கப்பூரில் வேலை, லீவு முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான். புதன்கிழமை பெண் பார்க்க வரலாம் என்று பெரியப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

“பாக்க வந்தா பூ வெச்சிட்டுத்தாம்மா போவாங்க. அப்பறம் லிஸ்ட் வந்தா என்ன, வராட்டி என்ன?” என்று அக்கா அடுப்படியில் அழுதாள்.

“நான் என்னடி பண்ணுவேன்? ஒங்க பெரியப்பாகிட்ட நின்னு பேசுற வாயா எனக்கு?” என்று அம்மாவும் சேர்ந்து அழுதாள்.

நான் இதையெல்லாம் எங்கே கண்டேன்? முந்திரிக்காட்டில் இருந்தேன். பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடிக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதன் தோலில் இருக்கிற பால் பட்ட இடமெல்லாம் வெந்து, கறுத்து, கொப்புளம் போடும். எனக்கும் தெரியும்தான். ஆனால் பக்கத்து வீட்டுச் சிநேகிதி “ஒன்னால கடிக்க முடியாதுடி” என்றாளே, விடுவேனா? கடித்தேன். கடித்த வாயைத் துடைத்தேன், துடைத்த கையால் கன்னம், கழுத்து எல்லாம் சொறிந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் உதடு வீங்கி, முகமெல்லாம் கொப்புளம்.

அம்மா விளக்குமாற்றைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், வேப்பங்கொத்து ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள்.

“பாப்பா, ஒனக்கு ஆத்தா வந்திருக்காடி. பேசாமப் படுத்துக்க.”

அடி விழாததே பெரிய அதிர்ஷ்டம். அதற்கு மேல் மாரியாத்தாளே வந்திருக்கிறாள் என்றால் கேட்கவா வேண்டும்! கொட்டையைக் கடித்த கோபத்தில்தான் ஆத்தா வந்திருக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மை போட்ட வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாது, நல்ல காரியம் பேசக் கூடாது. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை வீட்டில் தாளிப்பு வாசனைகூட எழும்பாது. அக்கா என் தலைமாட்டிலேயே கிடந்தாள். ஒரு கை வேப்பிலையால் விசிறியது, மறு கை போனைத் தேய்த்தது. என்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சேதி கேட்டு அன்று சாயங்காலமே பெரியப்பா வந்தார். உள்ளே வராமல் வாசலோடு நின்றார்.

“பாப்பாவ வெளிச்சத்துக்கு வரச் சொல்லு.”

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நானோ உற்சாகமாக எழுந்து போய் முகத்தைத் தூக்கிக் காட்டினேன். பெரியப்பா குனிந்து என் உதட்டைப் பார்த்தார். கையைப் பிடித்துக் கறுத்துப்போயிருந்த விரல் நுனிகளைப் பார்த்தார்.

“எப்பலேருந்து?”

“நேத்து ராத்திரிலேருந்துங்க மாமா” என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

“ம். நல்லாத்தான் போட்டிருக்கு. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் ஒருத்தரும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது.”

தெருவில் நின்றபடியே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். “எங்க வூட்டுப் புள்ளைக்கு அம்மைங்க. கண்ணால பாத்துட்டுத்தான் பேசுறேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் பத்து இளநீர் கொடுத்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய். முந்திரிப்பால் பட்ட புண்ணுக்குத்தான் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அம்மை கண்ட உடம்பில் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. அம்மா அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பெரியப்பா இப்படித் தப்புப் பண்ணிவிட்டாரே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் பட்டியல் வந்தது. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மை போட்ட வீடு என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. மாப்பிள்ளைக்கும் குறையில்லை, வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்துக்கொண்டு நன்றாக இருக்கிறாராம்.

கொடுத்த வாக்கைப் பெரியப்பாவால் மாற்ற முடியாது, அவரை எதிர்த்துப் பேச அம்மாவால் முடியாது. இருவரின் மரியாதையையும் ஆத்தாதான் காப்பாற்றினாள். இந்த வருஷம் நானும் அதே மாதிரி ஒரு பட்டியலுக்காகக் காத்திருக்கிறேன். “வந்துச்சா பாப்பா?” என்று தினமும் போன் போட்டுக் கேட்பவர் பெரியப்பாதான். அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்துவிட்டு, ஊரில் மழை உண்டா என்று கேட்டுப் போனை வைத்துவிடுகிறேன். சின்ன வயசில் அந்தத் தொந்தரவு எனக்கு இல்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் எல்லோரும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். அக்கா காலில் விழுந்தாள். “போயிட்டு வா தாயி, நல்லாப் படி” என்றார். அம்மா கும்பிட்டாள். யாரும் கேட்கவில்லையே, நாமாவது கேட்போம் என்று நான் முன்னால் போனேன்.

“அம்மைக்கு யாராச்சும் எண்ணெ குடுத்து விடுவாங்களா பெரியப்பா? ஆத்தா கோச்சுக்க மாட்டாளா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியாமப் போச்சு பாப்பா. இனிமே ஒன்னக் கேட்டுட்டுச் செய்யறேன்.”

பாவம், இத்தனை வயதாகியும் இதுகூடத் தெரியாமல் இருக்கிறாரே என்று வீடு வந்து சேரும்வரை அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.